பகலில் பறக்கும் கண்ணாடிச் சிறகு

அந்துப்பூச்சி என்றதும், இரவு விளக்கைச் சுற்றிவரும் மங்கிய நிறப் பூச்சியையே நம்மில் பலர் நினைக்கிறோம். பெங்களூரின் பூங்காக்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் பட்டப்பகலில் தேன் உண்ணும் அந்துப்பூச்சி ஒன்றும் உண்டு. பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த அதன் அறிவியல் பெயர் செஃபனோடிஸ் ஹைலாஸ். இதனை 1771-இல் முதன்முதலில் விவரித்துப் பெயரிட்டவர் லின்னேயஸ்.

இதனை அடையாளம் காண்பது எளிது. பசுமை படர்ந்த தடித்த உடல். வயிற்றின் குறுக்கே செம்பழுப்புப் பட்டை. கண்ணாடி போன்ற சிறகுகள். கூட்டிலிருந்து வெளிவரும்போது சிறகுகளின் மேல் செதில்கள் படிந்திருக்கும். முதன்முறை பறக்கையில் அவை உதிர்ந்துவிடுகின்றன. பூவில் அமராமல், காற்றில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலால் இது தேனை எடுக்கிறது. அதனால் சிலர் இதனை ஓசனிச்சிட்டு என்று எண்ணுவர். ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. வேறு சிலர் வண்டென்று அஞ்சுவர். இதற்குக் கொடுக்கு இல்லை.

இதன் வாழிடத்தை நாம் மூன்றாகப் பகுத்தறியலாம். முதலாவது, வளர்ந்த பூச்சிக்குத் தேன் தரும் பூக்கள். இரண்டாவது, புழுவுக்கு உணவாகும் இலைகள். கார்டீனியா, மதுக்காரை, காப்பி முதலிய ஒரே குடும்பச் செடிகளின் இலைகளையே புழு உண்கிறது. மூன்றாவது, மண். முதிர்ந்த புழு செடியை விட்டு இறங்கி, சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகிறது.

ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய லால்பாக் இன்று 240 ஏக்கர் பரப்புடையது. அத்தகைய இடங்களில் இம்மூன்றும் ஒருங்கே கிடைக்கக்கூடும். அடுக்ககத் தோட்டங்களிலோ பூக்கள் மட்டுமே எஞ்சுகின்றன. வால்முனையில் கொம்புடைய புழுவைக் கண்டு அஞ்சி மருந்து தெளிக்கிறோம். அக்கொம்பு எவரையும் குத்துவதில்லை. சருகைக் கூட்டி எரிக்கிறோம். மண்ணைச் சிமெண்டால் மூடுகிறோம். பின்னர், பூக்கள் இருந்தும் பூச்சிகள் வரவில்லையே என வியக்கிறோம்.

நாம் செய்ய வேண்டுவன சிலவே. கார்டீனியாவில் சில இலைகள் கடிபட்டிருந்தால் பொறுத்திருப்போம். நலமான செடி மீண்டும் துளிர்க்கும். புழுக்கள் மிகுந்தால், அதே இனத்தின் வேறொரு செடிக்கு மாற்றுவோம். தோட்டத்தின் ஒரு மூலையில் சருகை அப்படியே விட்டுவைப்போம். அது குப்பையன்று, அடுத்த தலைமுறைக்கென மண்ணில் இட்ட வைப்பு.