முகத்தில் எழுதிய கோடுகள்

"நீ யார்?" என்று கேட்டால் பெயரைச் சொல்வோம். வகுப்புல கேட்டா ரோல் நம்பர்! ஆனால் அரசாங்கமே ஒரு நம்பரைக் கொடுத்து, "இதுதான் நீ" என்று சொன்னால்?

கனடாவின் பனிப்பிரதேசத்தில் வாழும் இனுயிட் மக்களுக்கு 1941 முதல் இதுதான் நடந்தது. அவர்களிடம் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. அவர்கள் பெயர்களைச் சரியாக எழுதவும் அதிகாரிகளுக்கு வரவில்லை. எனவே கழுத்தில் தொங்கவிட ஒரு சிறு வில்லை. அதில் ஓர் எண்.

அதற்கு முன்பே அவர்களுக்கென்று ஓர் அடையாளம் இருந்தது. அதுதான் பச்சை குத்துதல். இதற்கு 'ககினீட்' என்று பெயர். முகத்தில் குத்துவது 'துன்னீட்'. 1972-ல் கிரீன்லாந்தின் கிலாகிட்சோக்கில் சுமார் 500 ஆண்டுப் பழமையான உடல்கள் கிடைத்தன. அவற்றில் ஆறு பெண்கள். ஐந்து பேரின் முகத்தில் இந்தக் கோடுகள் இருந்தன.

இதை எப்படிச் செய்தார்கள்? கடல்நாய்க் கொழுப்பு எரியும் விளக்கின் கரியை எண்ணெயில் குழைப்பார்கள். விலங்கின் தசைநாரால் ஆன நூலை அதில் தோய்த்து, ஊசியில் கோத்து, துணி தைக்கிற மாதிரி தோலுக்கடியில் இழுப்பார்கள். மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருக்கும். அதற்குக் கீழே உள்ள தோல் அப்படி உதிராது. அங்கே சேர்ந்த கரித்துகளை உடம்பின் செல்கள் விழுங்கும், ஆனால் ஜீரணிக்க முடியாது. அதனால்தான் கோடு ஆயுசுக்கும் அழிவதில்லை.

சிறுமி பெண்ணாகிவிட்டாள், தைக்கத் தெரிந்தவள், இன்ன குடும்பத்தவள் – இவையெல்லாம் அந்தக் கோடுகளில் இருந்தன. குத்தியவர்களும் பெண்களே. "இது பாவம்" என்றார்கள் கிறிஸ்தவ மிஷனரிகள். பாட்டியிடம் பேத்தி கற்றுக்கொள்வது நின்றது. தோலில் அழியாத கோடு, ஒரு தலைமுறையில் அறுந்துபோனது!

பழைய முறையில் பச்சை குத்திக்கொண்ட கடைசிப் பெண்மணி இறந்துவிட்டார் என்ற செய்தி 2005-ல் ஏஞ்சலா ஹோவாக் ஜான்ஸ்டன் என்ற இனுயிட் பெண்ணை உலுக்கியது. முதலில் தன் முகத்தில் குத்திக்கொண்டார். பிறகு தானே தொழிலைக் கற்றார். 2016-ல் நுனவுட்டின் குக்ளுக்டுக் ஊரில் பெண்களைக் கூட்டி, ஊசியாலும் நூலாலும் அவர்களுக்குப் பச்சை குத்தினார். 2017-ல் அது புத்தகமாகவும் வந்தது.

எண் வில்லை 1970-களில் ஒழிந்தது. கோடுகள் திரும்பி வந்துவிட்டன. பிறர் மாட்டிய அடையாளம் கழன்றுவிடும். நம்மவர் கை தந்த அடையாளம் அறுந்தாலும், தேடிப்போய்க் கேட்டால் மறுபடி கோக்கலாம். ஆனால் நண்பர்களே, கேட்பதற்குப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடணும்!