ஊர்க் கலண்டரும் ரொறன்ரோச் சூரியனும்: திதி பார்க்கும் முறை

ஆலயத்தின் விசேட தினப் பட்டியல் வெளிவந்ததும் அலுவலகத் தொலைபேசிக்கு வரும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. "ஊர்க் கலண்டரிலை ஞாயிறு எண்டு கிடக்கு, நீங்கள் ஏன் சனி எண்டு போட்டிருக்கிறியள்?" கேட்பவர் வீம்புக்குக் கேட்கவில்லை. இரவு வேலையில் லீவு கேட்க வேண்டும், விரதம் இருக்க வேண்டும், தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்ய வேண்டும். நாள் பிழைத்தால் அடுத்த வருடம் வரை மனம் உறுத்தும். ஆகவே பெரியவர்களுக்கான சனிக்கிழமைச் சைவ வகுப்பில் இரண்டு வாரம் இதையே பாடமாக எடுத்தோம். வர இயலாத குடும்பங்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் திதி என்றால் என்ன? வானத்தில் சூரியனிலிருந்து சந்திரன் விலகி நிற்கும் தூரமே திதி. இரண்டும் சேரும் கணம் அமாவாசையின் முடிவு. அதன்பின் சந்திரன் 12 பாகை விலகும்வரை பிரதமை, 24 பாகை வரை துவிதியை. இப்படியே 360 பாகைக்கு 30 திதிகள். ஒரு சாந்திர மாதம் ஏறத்தாழ 29½ நாள் என்பதால் ஒரு திதியின் சராசரி நீளம் 23 மணித்தியாலம் 37 நிமிடம். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் ஒரு திதி 20 மணித்தியாலத்தில் முடிவதும் உண்டு, 26 மணித்தியாலத்துக்கு மேல் நீள்வதும் உண்டு. எங்கள் நாளோ 24 மணித்தியாலம். ஆகவே திதி காலையிலும் தொடங்கும், நடுச்சாமத்திலும் தொடங்கும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். திதி மாறும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. அந்தக் கணத்தில் யாழ்ப்பாணத்து மணிக்கூடு ஒன்று காட்டும், எங்கள் மணிக்கூடு வேறொன்று காட்டும். கணக்காளர் என்பதால் எனக்கு வரும் உவமை இது: ஊர் வங்கியிலுள்ள ஆயிரம் ரூபாவை இங்குள்ள கணக்குப் புத்தகத்தில் ஆயிரம் டொலர் என்று யாரும் எழுதுவதில்லை, அன்றைய மாற்று விகிதத்தில் மாற்றித்தான் எழுதுவோம். கலண்டரில் உள்ள நேரத்தை மட்டும் ஏனோ மாற்றாமலே எடுத்துக்கொள்கிறோம்.

உதாரணத்துக்கு 2024ஆம் ஆண்டு ஆடி அமாவாசையை எடுப்போம். திருக்கணிதப்படி அமாவாசை ஓகஸ்ட் 3 சனிக்கிழமை ஊர் நேரம் பிற்பகல் 3.50க்குத் தொடங்கி, 4ஆம் திகதி ஞாயிறு பிற்பகல் 4.42க்கு முடிந்தது. கோடை காலத்தில் ரொறன்ரோ நேரம் ஊர் நேரத்துக்கு 9½ மணித்தியாலம் பின். மாரியில் 10½. கழித்துப் பாருங்கள்: இங்கே அமாவாசை சனி காலை 6.20க்குத் தொடங்கி, ஞாயிறு காலை 7.12க்கு முடிந்துவிட்டது.

இனி எந்த நாள்? ஞாயிறு சூரியன் உதித்தபோதும் அமாவாசை ஒரு மணித்தியாலமளவில் இருந்தது உண்மைதான். ஆனால் பிதிர் காரியத்துக்கு உதயத்தைப் பார்ப்பதில்லை, அபராஹ்ணத்தைப் பார்க்க வேண்டும். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையான பகலை ஐந்தாகப் பிரித்தால் நாலாவது பங்கு அபராஹ்ணம். அன்று ரொறன்ரோவில் அது பிற்பகல் 2.50 அளவில் தொடங்கி 5.45 அளவில் முடிந்தது. சனிக்கிழமை அந்த நேரம் முழுவதும் அமாவாசை. ஞாயிறு அந்த நேரத்தில் பிரதமை நடந்துகொண்டிருந்தது. எனவே இங்கே சனி. யாழ்ப்பாணத்தில் அபராஹ்ணம் ஏறத்தாழ 1.30 முதல் 4 மணி வரை, ஆகவே கீரிமலையில் தீர்த்தமாடியவர்களுக்கு ஞாயிறு சரி. இதே கணக்கில் லண்டனுக்குச் சனி, சிட்னிக்கு ஞாயிறு. தமக்கை லண்டனிலும் தம்பி சிட்னியிலும் இருந்து வெவ்வேறு நாளில் தகப்பனுக்குப் படைத்தால் இருவரும் சரியாகவே செய்கிறார்கள். (காத்தோட்டிக்காய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று வகுப்பில் ஒரு அக்கா கேட்டார். அதற்குப் பஞ்சாங்கத்தில் விடை இல்லை.)

எல்லா விரதத்துக்கும் அபராஹ்ணம் அல்ல. சிவராத்திரிக்கு நடுநிசியில் சதுர்த்தசி இருக்க வேண்டும். விநாயக சதுர்த்திக்கு மத்தியானத்தைப் பார்ப்பர். பிரதோஷத்துக்குச் சூரிய அஸ்தமனம். ஊரில் மாலை 4.30 முதல் 6 மணி வரை என்று மனப்பாடமாக வந்தது, அங்கே சூரியன் வருடம் முழுவதும் ஆறு மணியை அண்டியே மறைவதால். ரொறன்ரோவில் ஜூன் கடைசியில் சூரியன் மறைவது இரவு 9 மணிக்குப் பிறகு, டிசம்பரில் 4.45க்கு முன். வேலைநாளில் ஆலயம் பூசை நேரத்தைச் சற்று முன்பின்னாக வைப்பது அடியார்களின் வசதிக்காக. தேர்த் திருவிழாவை வார இறுதிக்கு ஏற்ப அமைப்பதும் அப்படித்தான். அது நிர்வாகத்தின் தீர்மானம், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதைத் திதியின் பேரில் எழுதாமல் விட்டால் போதும்.

வாக்கியமா திருக்கணிதமா என்ற பழைய வழக்கும் வகுப்பில் எழுந்தது. வாக்கிய பஞ்சாங்கம் சந்திரனின் நிலையை 248 நாட்களுக்கான வாக்கியங்களாக மனனம் செய்து வைத்த முறை. சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வந்து மீண்டும் அண்மையில் வர ஏறத்தாழ 27½ நாள். ஒன்பது சுற்றுக்கு 248 நாள். கருவி எதுவுமில்லாத காலத்தில் இது சாதாரண அறிவல்ல. ஆனால் சந்திரனின் ஓட்டத்திலுள்ள சில ஏற்ற இறக்கங்கள் அதில் சேரவில்லை. திருக்கணிதம் அவற்றையும் சேர்க்கிறது. அமாவாசை, பூரணையில் இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு, அட்டமியை அண்டிய நாட்களில் சில மணித்தியாலம் வரை போகும். எது பெரிது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒரு குடும்பம் ஒன்றைப் பிடித்தால் அதையே பிடிக்க வேண்டும். லீவு கிடைக்கும் நாளுக்கு ஏற்றபடி இவ்வருடம் வாக்கியம், அடுத்த வருடம் திருக்கணிதம் என்று மாற்றுவது மட்டும் சரியல்ல.

இனித் திவசம். வகுப்பில் அதிக நேரம் எடுத்தது இதுதான். தகப்பனார் ஊரில் 10ஆம் திகதி அதிகாலை 5 மணிக்குக் காலமானார், செய்தி இங்கே வந்தபோது 9ஆம் திகதி மாலை. எந்தத் திகதியை வைத்துத் திதி பார்ப்பது? இரண்டில் எதை வைத்தாலும் ஒன்றே, ஏனெனில் உயிர் பிரிந்த கணத்தில் நடந்த திதி உலகம் முழுவதும் ஒன்று. அந்தக் கணத்தை ஊர் நேரத்தில் ஊர்ப் பஞ்சாங்கத்தில் பார்த்துத் திதியை எடுக்க வேண்டும். பின் வருடாவருடம் அந்த மாதத்தில் அந்தத் திதி ரொறன்ரோ அபராஹ்ணத்தில் எந்த நாள் வருகிறது என்று இங்கே பார்க்க வேண்டும். அதாவது திதியை எடுப்பது அங்கே, நாளை எடுப்பது இங்கே. பஞ்சாங்கத்தில் திதிக்கு எதிரே உள்ள நேரம் அது முடியும் நேரம் என்பதையும் கவனிக்கவும். தொடங்கும் நேரம் என்று எண்ணிப் பிழைத்தவர் பலர்.

மரணச் சான்றிதழிலுள்ள நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 1996 மே மாதம் இலங்கை அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அதே வருடம் ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்தள்ளியது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் வன்னியில் பழைய நேரமே புழங்கியது. ஆகவே 2000ஆம் ஆண்டு கொழும்பு வைத்தியசாலை 6.10 என்று எழுதியிருந்தால் பழைய நேரத்தில் அது 5.40. திதி 5.50க்கு மாறியிருந்தால் விடையே மாறிவிடும். உங்களிடமுள்ள பஞ்சாங்கம் எந்த நேரத்தில் கணிக்கப்பட்டது என்பதை முன்பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரமும் தெரியாது, நாளும் தெரியாது என்போர் எங்கள் ஆலயத்தில் குறைவல்ல. 2009 மே மாதத்துக்குப் பிறகு இதை வகுப்பில் உரத்துக் கேட்கவும் பலருக்கு வாய் வருவதில்லை, முடிந்தபின் தனியே வந்து கேட்கிறார்கள். மாதம் தெரிந்து நாள் தெரியாதவர்களுக்கு அந்த மாதத்து அமாவாசையைக் கொள்ளும் வழக்கம் எங்கள் முறையில் உண்டு. அவ்வருடம் வைகாசி அமாவாசை மே 24ஆம் திகதி வந்தது. புரட்டாதியில் வரும் மாளயபட்சமும் எல்லாப் பிதிரர்க்கும் உரியது. காணாமற் போனவர் இருக்கிறாரா என்பதே தெரியாத வீட்டில் திவசம் செய்வதா என்ற கேள்விக்கு என்னிடம் கணக்கு இல்லை. வீட்டிலுள்ளவர்கள் குருக்களோடு ஆறுதலாக இருந்து பேசவேண்டிய விஷயம் அது. அப்படிப் பேச வருபவர்களை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

அடுத்த வகுப்பில் பிரதோஷ நேரத்தை மாதவாரியாக நாமே கணித்து எழுதுவோம். வீட்டிலுள்ள பஞ்சாங்கம், பென்சில், கல்குலேட்டர் கொண்டு வரவும். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், பாகைக் கணக்கில் அவர்கள் எங்களைவிடக் கெட்டி. குடும்பத் திதியைச் சரிபார்க்க விரும்புவோர் இறந்தவரின் திகதி, நேரம், இடம் மூன்றையும் ஒரு துண்டில் எழுதி வந்தால் வகுப்பு முடிந்தபின் தனியாக இருந்து பார்த்துத் தரலாம். கட்டணம் இல்லை.