மனநல மாத்திரையும் கருத்தடையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் மனநல மருந்துக்குப் பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போகும் பெண்கள், கருத்தடைக்கு மிட்வைஃபிடம் போகிறார்கள். ஓரிடத்தில் எழுதிக் கொடுத்தது மற்ற இடத்துக்குத் தெரிவதில்லை. வீண் நம்பிக்கைகள் வேர்விடுவது இந்த இடைவெளியில்தான்.

நம்பிக்கை: மனநல மாத்திரை சாப்பிட்டால் கரு தங்காது.

உண்மை: தங்கும். அதிலும் சோடியம் வல்ப்ரோயேட் சாப்பிடும்போது தங்கினால் பிள்ளைக்கு ஆபத்து அதிகம். இந்த மருந்தோடு கருவில் வளரும் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 10 பேர் உடற்குறையோடு பிறக்கிறார்கள். 30 முதல் 40 பேருக்குப் பேச்சிலும் படிப்பிலும் பின்னடைவு வருகிறது. முதுகெலும்புக் குறை முதல் 4 வாரங்களிலேயே, கரு தங்கியது தெரியும் முன்பே, உண்டாகிவிடும். ஆகவே நம்பகமான கருத்தடை கட்டாயம். பிள்ளை வேண்டுமென்றால் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றலாம். நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்பலாம்.

நம்பிக்கை: மித்துரி கருத்தடை மாத்திரையைத் தவறாமல் போட்டால் போதும்.

உண்மை: கார்பமாசெபின் சாப்பிடுபவருக்குப் போதாது. கருத்தடை ஹோர்மோனை ஈரல் வேகமாக அழிக்கும்படி அது செய்கிறது. கையில் வைக்கும் ஜடெல் கருத்தடைக் குச்சியின் பலமும் குறையும். மருந்தை விட்ட பிறகும் 4 வாரம் இந்த விளைவு நிற்கும். அவசரத்துக்கு வழக்கமான அளவு பொஸ்டினோர் மாத்திரையும் போதாமல் போகலாம்; உறவுக்குப் பின் 5 நாளுக்குள் கருப்பையில் செப்பு லூப் வைப்பதே நல்லது. 3 மாத ஊசிக்கும் செப்பு லூப்புக்கும் இந்தப் பாதிப்பு இல்லை.

லாமோட்ரிஜினில் கதை தலைகீழ். மித்துரியில் உள்ள ஈஸ்ட்ரஜன் அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் பாதியளவுக்குக் குறைத்துவிடும். அடங்கியிருந்த நோய் தலைதூக்கலாம். லித்தியம் கருத்தடை முறைகளைப் பாதிப்பதில்லை.

நம்பிக்கை: கூடை சுமந்து மலை ஏறினால் லூப் நெஞ்சுக்கு ஏறிவிடும்.

உண்மை: கருப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது. முதல் சில மாதங்களில் இரத்தப்போக்கும் வலியும் கூடலாம். அரிதாக லூப் வெளியே வந்துவிடுவதும் உண்டு. கூடைச் சுமை அதற்குக் காரணமில்லை. செப்பு லூப் 10 வருடம் காக்கும். வேண்டாமென்றால் எப்போதும் எடுக்கலாம்.

நம்பிக்கை: மனநோய் உள்ளவளுக்கு எல்.ஆர்.டி. (நிரந்தரக் கருத்தடை) செய்துவிடுவதே நல்லது.

உண்மை: நோயைக் காட்டி யாரும் அந்த முடிவைத் திணிக்கக் கூடாது. ஊக்கப்பணம் கொடுத்துப் பெண்களுக்கு நிரந்தரக் கருத்தடை செய்த காலத்தைத் தோட்டங்கள் மறக்கவில்லை. மனம் தெளிந்திருக்கும் நேரத்தில், எல்லா முறைகளையும் கேட்டறிந்து, அந்தப் பெண்ணே முடிவெடுக்க வேண்டும். கணவரோ மாமியாரோ துணைக்கு வரலாம், முடிவு அந்தப் பெண்ணுடையது.

அடுத்த முறை எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் மனநலம், கருத்தடை ஆகிய இரண்டு கிளினிக் கொப்பிகளையும் கொண்டு போங்கள். மாத்திரையின் பெயரை மிட்வைஃபிடமும், கருத்தடை முறையை மனநல டொக்டரிடமும் சொல்லுங்கள். "இவை இரண்டும் ஒத்துப்போகுமா?" என்று கேளுங்கள். மனம் தாங்காத நேரத்தில் பேச 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. நோய்க்கு மருந்து எடுப்பதில் வெட்கமில்லை. அதை மறைப்பதில்தான் ஆபத்து.