கடல் கடந்து மொழி கற்போர்

நுழையும்முன்

ஆங்கிலம் கற்க நம்மவர் பலர் அயல்நாடு செல்கின்றனர். ஆங்கிலம் கற்க அயல்நாட்டினரும் நம் நாட்டிற்கு வருகின்றனர். இவர்கள் படிப்பில் இடம்பெறும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

ஐதராபாத்தில் 1958ஆம் ஆண்டு மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதுவே இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளைச் சேர்ந்தோர் ‘ஐடெக்’ திட்டத்தின்வழி இங்கு வந்து ஆங்கிலம் பயில்கின்றனர். இந்திய அரசு 1964ஆம் ஆண்டு இத்திட்டத்தைத் தொடங்கியது. பயில விரும்புவோர் தம் நாட்டு அரசின் வாயிலாக இந்தியத் தூதரகத்திற்கு விண்ணப்பிப்பர். தேர்வு பெற்றோரின் விமானக் கட்டணம், படிப்புக் கட்டணம், தங்குமிடச் செலவு ஆகியவற்றை இந்திய அரசே ஏற்கிறது.

தம் சொந்தப் பணத்தில் அயல்நாடு செல்வோரின் நிலை வேறு. அவர்கள் ஒவ்வொன்றையும் தாமே ஆராய வேண்டும். திருக்குறளில் ‘தெரிந்து செயல்வகை’ என்றோர் அதிகாரம் உண்டு. இடம் பதிவு செய்வோர் நினைவிற்கொள்ள வேண்டிய தலைப்பு அது.

முதலில், தம் மொழித்திறனை அறிதல் வேண்டும். ஐரோப்பிய அளவுகோல் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. நிலையறியாமல் சேர்ந்தால் காலமும் பொருளும் வீணாகும்.

இரண்டாவதாக, நிறுவனத்தின் அங்கீகாரத்தைச் சரிபார்த்தல் வேண்டும். பிரிட்டனில் மொழிப்பள்ளிகளுக்குப் பிரிட்டிஷ் கவுன்சில் அங்கீகாரம் வழங்குகிறது. ஆஸ்திரேலியாவில் அயல்நாட்டு மாணவர்க்கான படிப்புகள் அரசின் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கும். அமெரிக்காவில் மாணவர் நுழைவிசைவு பெறுவதற்குரிய ‘ஐ-20’ படிவத்தை, அந்நாட்டு அரசின் அனுமதி பெற்ற கல்வி நிறுவனமே வழங்க இயலும்.

மூன்றாவதாக, கட்டண விதிகளை முழுமையாகப் படித்தல் வேண்டும். வாரத்திற்கு எத்தனை மணி நேர வகுப்பு? தங்குமிடமும் உணவும் கட்டணத்துள் அடங்குமா? நுழைவிசைவு மறுக்கப்பட்டால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும்? இவற்றிற்கு எழுத்துவடிவில் விடை பெற்ற பின்னரே பணம் செலுத்த வேண்டும். பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தி, பற்றுச்சீட்டும் சேர்க்கைக் கடிதமும் பெறுதல் நன்று.

நுழைவிசைவு வழங்குவது அந்தந்த நாட்டின் அரசே. “நுழைவிசைவு உறுதி” என்று கூறும் முகவரை நம்புதல் ஆகாது. ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு ஒரே நாளில் கைவிட்டுப் போகக்கூடும்.

மாணவர்களே! விதிகள் ஆங்கிலத்தில் இருக்கும். பணம் கட்டுவோரோ பெற்றோர். உங்கள் அண்ணனோ அக்காவோ விண்ணப்பிக்கும்போது, அவ்விதிகளை அம்மாவிற்கும் அப்பாவிற்கும் தமிழில் எடுத்துரையுங்கள். பொருள் விளங்கிய பின் அவர்கள் முடிவு செய்யட்டும். இரு மொழி அறிந்த பிள்ளை வீட்டிற்குச் செய்யும் பேருதவி அது.

சொற்பொருள்

நுழைவிசைவு – விசா
முகவர் – ஏஜெண்ட்
பற்றுச்சீட்டு – ரசீது
அயல்நாடு – வெளிநாடு

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. ‘ஐடெக்’ திட்டத்தில் பயில விரும்புவோர் எவ்வாறு விண்ணப்பிக்கின்றனர்?
2. பணம் செலுத்தும்முன் கேட்க வேண்டிய மூன்று வினாக்கள் யாவை?
3. “நுழைவிசைவு உறுதி” என்று கூறும் முகவரை ஏன் நம்பலாகாது?

ஆ. பிரித்து எழுதுக.
1. நுழைவிசைவு
2. பேருதவி
3. தங்குமிடம்

இ. செயல்பாடு
உங்கள் வீட்டிற்கு ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ வந்த ஓர் அறிவிப்பைப் பெற்றோருக்குத் தமிழில் விளக்கி, அதனை ஐந்து வரிகளில் எழுதுக.