ஹஜ்ஜுக்கு முன் போடும் ஊசி

கம்மாபுரத்திலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய அத்தா ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார். ஊசி போட்ட சீட்டுத்தானே கேட்பார்கள், புறப்படும் வாரத்தில் போட்டுக் கொண்டால் போதாதா என்று வீட்டில் பேச்சாம். வீட்டில் கைக்குழந்தை ஒன்றும் இருக்கிறது. அதற்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

நம் இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களுக்கு அல்லாஹ் ஓர் அரிய ஆற்றலைத் தந்திருக்கிறான். புதிய கிருமி ஒன்று உடலில் நுழைந்தால் அதை அடையாளம் கண்டு, அதற்கேற்ற எதிர்ப்பொருளை அவை உண்டாக்குகின்றன. ஆனால் முதல்முறை இதற்குப் பல நாட்கள் பிடிக்கும். அதற்குள் நோய் முந்திக் கொள்ளும். நோயைத் தராமல் அந்த முதல் அறிமுகத்தை முடித்து வைப்பதுதான் தடுப்பூசியின் வேலை. மக்கா சேருவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும் என்று சவூதி அரசு விதித்திருப்பது இதனால்தான். முந்தின நாள் போட்டால் சீட்டு இருக்கும், காப்பு இராது.

அறிமுகப்படுத்தும் முறைகள் பல. போலியோ சொட்டு மருந்திலும் தட்டம்மை ஊசியிலும் இருப்பவை வீரியம் குறைத்த உயிருள்ள கிருமிகள். நாய்க்கடி ஊசியிலும், 2021-இல் நம்மவர் பலர் போட்டுக் கொண்ட கோவாக்சினிலும் இருப்பவை கொல்லப்பட்ட கிருமிகள். ரண ஜன்னிக்குக் கிருமியே வேண்டியதில்லை. அது கக்கும் நஞ்சை முறித்துக் கொடுத்தாலே போதும்.

ஹாஜிகளுக்குப் போடுவது மெனிஞ்சைட்டிஸ் எனும் மூளையுறைக் காய்ச்சலுக்கான ஊசி. இந்தக் கிருமி சர்க்கரைப் பொருளால் ஆன ஒரு போர்வையைப் போர்த்தியிருக்கிறது. அந்தப் போர்வையை மட்டும் பிரித்தெடுத்துச் செய்ததே பழைய ஊசி. 1987 ஹஜ்ஜின்போது ஏ வகைக் கிருமி பரவியபின் இந்த ஊசி கட்டாயமாயிற்று. அப்போது ஏ, சி என்ற இரு வகைகளுக்கே அதில் காப்பு இருந்தது. 2000-ஆம் ஆண்டு ஹஜ்ஜில் டபிள்யூ-135 என்ற வேறொரு வகை தலைகாட்டியது. இங்கிலாந்து, பிரான்சு, சிங்கப்பூர் முதலிய நாடுகளில் திரும்பி வந்த ஹாஜிகள் மட்டுமின்றி, ஊரைவிட்டே போகாத அவர்களுடைய வீட்டாரும் நோயில் விழுந்தனர். 2002 முதல் நான்கு வகைகளுக்கும் காப்புத் தரும் ஊசி கேட்கப்படுகிறது.

கைக்குழந்தையின் கதை இங்கேதான் வருகிறது. சிலருடைய தொண்டையில் இக்கிருமி நோய் தராமலே தங்கியிருக்கும். அவர்கள் நலமாகவே இருப்பார்கள். அவர்கள் கொஞ்சும் குழந்தைக்குத் தொற்றிவிடும். பழைய ஊசி போட்டவரைக் காத்தாலும் தொண்டையிலுள்ள கிருமியைச் சரிவர அகற்றுவதில்லை. அதன் நினைவும் உடலில் நீண்டு நிற்பதில்லை. பிறகு வந்த இணைப்பூசியில் அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்திருக்கிறார்கள். புரதத்தைக் கண்டால் வெள்ளையணுக்களில் இன்னொரு படையும் துணைக்கு வரும். நினைவும் பதியும், தொண்டையில் கிருமி தங்குவதும் குறையும். பழைய ஊசிச் சீட்டு 3 ஆண்டுகளுக்கும் இணைப்பூசிச் சீட்டு 5 ஆண்டுகளுக்கும் செல்லும். சீட்டில் எந்த ஊசி என்று எழுதியிருக்கிறதா என்பதை வாங்கும்போதே பார்த்துக் கொள்ளுங்கள்.

நம் நாட்டில் குழந்தைகளுக்கு அரசு போடும் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. புதன்கிழமை தவறாமல் ஊசி போட்டு வந்த பேரனுக்கும் இந்த நோய்க்கு எதிராக எதுவும் இராது.

ஹஜ் கமிட்டி மூலம் போவோருக்கு முகாமிலேயே ஊசி கிடைக்கும். உம்ராவுக்குப் போவோர் தாமே முன்கூட்டி ஏற்பாடு செய்து கொள்ள வேண்டும். நோன்பு வைத்திருக்கும்போது ஊசி போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். தசையில் போடும் ஊசி நோன்பை முறிக்காது என்பதே பெரும்பாலான உலமாக்களின் முடிவு. விழுங்கும் சொட்டு மருந்து அப்படியன்று. அதை இஃப்தாருக்குப் பின் வைத்துக் கொள்க.

ஹஜ்ஜிலிருந்து திரும்பிய சில நாட்களில் வீட்டில் யாருக்கேனும் கடுங்காய்ச்சலும், தலைவலியும், கழுத்து விறைப்பும் கண்டால், கைவைத்தியம் பார்த்துக் கொண்டிராமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டில் ஹஜ்ஜிலிருந்து வந்தவர் இருக்கிறார் என்பதை அவரிடம் முதலில் சொல்லுங்கள்.