எடை குறைந்தால் போதுமா?

கேள்வி: நுரையீரல் நோயுள்ள அப்பாவுக்கு, வெளியே எடுத்துச் செல்லும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கப்போகிறோம். இருப்பதிலேயே எடை குறைந்ததை வாங்கலாமா?

பதில்: எடையைக் கடைசியில் பாருங்கள். காற்றிலுள்ள நைட்ரஜனைச் சியோலைட் துகள்களில் பிடித்துவைத்து, ஆக்சிஜன் செறிந்த காற்றை அனுப்புவதுதான் இந்தக் கருவியின் வேலை. சுமார் 2 கிலோ எடையுள்ளவை மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும் ஆக்சிஜன் தருபவை. அவற்றின் பொத்தானில் உள்ள எண்ணை லிட்டர் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். விற்பவர்களும் அவ்வளவாகத் திருத்துவதில்லை. இனோஜென் ஜி5 கருவியை 6-ல் வைத்தாலும் நிமிடத்துக்குக் கிடைப்பது சுமார் 1.26 லிட்டர்தான். மூச்சின் தொடக்கத்திலேயே தருவதால் அது பலருக்குப் போதும். எல்லோருக்கும் அல்ல. ஆகவே வாங்குமுன், மருத்துவர் மேற்பார்வையில் அப்பா அதை மாட்டிக்கொண்டு வழக்கமான வேகத்தில் நடக்கட்டும், படியேறட்டும். விரலில் ஆக்சிமீட்டர் இருக்கட்டும். உட்கார்ந்திருக்கையில் வரும் அளவை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கனமான கருவி என்றால் வீட்டிலேயே முடங்கிவிடுவாரே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் நடக்கும்போது ஆக்சிஜன் அளவு இறங்கினால், எடை குறைந்த கருவியோடும் வாசலைத் தாண்ட முடியாது. அப்படியானவருக்குத் தொடர்ந்து ஆக்சிஜன் தரும், சக்கரவண்டியில் இழுத்துச் செல்லும் வகையே சரி. வாயால் மூச்சுவிட்டுத் தூங்குபவரின் மூச்சைச் சிறிய கருவி உணராமல் போகலாம். இரவுக்கு வீட்டுக் கருவியே இருக்கட்டும். பேட்டரி நேரத்தை, அப்பாவுக்குத் தேவையான எண்ணில் வைத்துக் கேளுங்கள். விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் 1-ல் ஓடும் நேரம்.