மருந்தோடு சோறும் வேண்டும்

1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றி, ஆங்காங்கே குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகியது. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய காய்ச்சல் கேகாலை, குருநாகல் மாவட்டங்களை மிக மோசமாகத் தாக்கியது. 1935 முடிவதற்குள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

இத்தனை பேர் இறந்தது ஏன்? நுளம்பு மட்டும் காரணமன்று. மழை இல்லாததால் பயிரும் இல்லை. காய்ச்சலுக்கு முன்பே பசி வீட்டுக்குள் வந்துவிட்டது. மெலிந்த உடல்களை, சிறப்பாகக் குழந்தைகளை, நோய் எளிதில் வீழ்த்தியது. வீட்டார் எல்லாரும் ஒன்றாகப் படுத்தபோது உழைக்கவும் சமைக்கவும் ஆளில்லை.

அரசாங்கம் கொயினா மருந்தும் உணவும் வழங்கியது. கூலிக்கு நிவாரண வேலைகளையும் தொடங்கியது. ஆனால் எழுந்து நிற்க முடியாதவருக்குக் கூலி வேலையால் என்ன பயன்? சூரியமல் இயக்கத்துத் தொண்டர்கள் மருந்துடன் பருப்பையும் கிராமங்களுக்குக் கொண்டுசென்றனர். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தயா' என்ற பெயரே ஏற்பட்டது.

2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் டெங்கும் வயிற்றோட்டமும் நம்மை விட்டுப் போகவில்லை. இடம்பெயர்ந்து வாழும் நாம் முன்கூட்டியே செய்யக்கூடியவை சில:

1. நோயாளர், கர்ப்பிணிகள், முதியோர், தனித்து வாழும் தாய்மார் உள்ள குடும்பங்களைப் பட்டியலிடுங்கள்.

2. பதிவு சொந்த ஊரில் இருந்தால், இப்போது வசிக்கும் இடத்துக் கிராம அலுவலரிடம் விபரத்தை எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியை நீங்கள் வைத்திருங்கள்.

3. வரிசையில் நிற்க முடியாதவரின் நிவாரணத்தை யார் பெற்றுக்கொடுப்பது என்று தீர்மானியுங்கள்.

4. நோய்க்காலத்தில் விதைநெல்லும் விலைபோகக்கூடும். அதைச் சங்கத்தில் பொதுவாகச் சேமியுங்கள். படுத்திருப்பவரின் பயிரைக் கூட்டாகப் பராமரியுங்கள்.

நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. சத்திரக்காரனிடம் செலவுக்குப் பணமும் கொடுத்துச் சென்றான். குணமாகும் வரை ஒருவர் எதை உண்டு வாழ்வார் என்பதையும் அவன் எண்ணினான்.

கலந்துரையாடுவோம்

- சென்ற முறை நோய் பரவியபோது நமது இடத்தில் உதவி கிடைக்காமற் போனவர் யார்? ஏன்?
- இன்று நமது வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டால், அடுப்பு மூட்ட யார் வருவார்?